சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்ன ரெய்கி மையம்

கோவையில், கை வைத்தே நோயைச் சரிசெய்வதாகச் சொல்லும் ஒரு ரெய்கி மையத்தில் என் அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று தினமும் மாத்திரை போடுகிற பெரியவர் உங்கள் வீட்டில் இருந்து, அவரை யாராவது "ஒரு தடவ வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால், அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் இன்னொரு மாத்திரையும் போட்டுக் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. தொந்தரவெல்லாம் ராத்திரியில் வரும் பாத எரிச்சலும், அதனால் கெடுகிற தூக்கமும்தான். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் சொல்லி அந்த மையத்துக்குப் போனார். ஒரு மணி நேர சிட்டிங், 800 ரூபாய். போட்டிருக்கும் உடையோடு படுக்க வைத்து, நெற்றி, தோள், வயிறு, முழங்கால் என்று இடம் இடமாகக் கையை லேசாக வைப்பார்கள். சில இடத்தில் தொடாமல் சற்று மேலே பிடித்திருப்பார்கள். அழுத்துவது, பிடித்துவிடுவது எதுவும் கிடையாது. பிரபஞ்ச சக்தி அவர்கள் கை வழியாக நமக்குள் இறங்குகிறதாம்.

அன்று ராத்திரி அம்மா நன்றாகத் தூங்கினார். அதை நான் மறுக்கவே இல்லை. வீட்டில் ஒரு நிமிடம் உட்காராத மனுஷி, குளுகுளு அறையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் ஒருவர் பொறுமையாக அவர் கதையைக் கேட்டார். தூக்கம் வராமல் என்ன செய்யும்? அமெரிக்காவில் கீமோ சிகிச்சை எடுத்தவர்கள் 189 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2011-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ரெய்கி தெரிந்தவர் கை வைத்தார், இன்னொரு பிரிவினருக்கு ரெய்கியே தெரியாத ஒருவர் அதே மாதிரி கை வைத்து நடித்தார். இரண்டு பிரிவினருக்கும் இதம் கிடைத்தது. இந்த இதத்துக்காக, மருத்துவத்தோடு சேர்த்து ஒரு துணையாக ரெய்கிக்குப் போகிறவர்கள் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இங்கே கதை அப்படிப் போகவில்லை. இரண்டாவது முறை போனபோதே, "ஏழு சக்கரமும் அடைச்சிருக்குங்கம்மா, ஒண்ணு ரெண்டு சிட்டிங்ல சரியாகாது" என்று சொல்லி 12,000 ரூபாய் பேக்கேஜ் கட்டவைத்தார்கள். (ரெய்கியை ஆரம்பித்த மிகாவோ உசுயி ஜப்பான்காரர், 1926-ல் காலமானவர். சக்கரமெல்லாம் பிற்பாடு மேற்கத்தியர்கள் அதில் சேர்த்தது.) அம்மாவால் போக முடியாத நாட்களில் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் போதும், தொலைதூர ஹீலிங் செய்துவிடுவார்களாம். ஒரு நாள் போட்டோவே அனுப்பவில்லை. "அனுப்பியாச்சு, உங்க உடம்பு வாங்கிக்கிச்சு" என்று பதில் வந்தது, பேக்கேஜில் ஒரு சிட்டிங்கும் கழிந்தது. சிரிப்பாகத்தான் இருந்தது அப்போது.

அப்புறம் சொன்னதுதான் விஷயம். "சக்தி வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு, இனிமே மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க, மெதுவா முழுசா விட்டுடலாம்." வெறும் வயிற்றில், சாப்பிடுவதற்கு முன் எடுத்த சர்க்கரை 200-ஐத் தாண்டியது. கேட்டதற்கு, "உள்ள இருக்கிற கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்று குரல் பதிவு அனுப்பினார்கள். இந்தப் பேச்சில் ஒரு வசதி இருக்கிறது பாருங்கள். குறைந்தால் ரெய்கியால் குறைந்தது, ஏறினாலும் ரெய்கி வேலை செய்கிறது. அம்மா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. "வீட்ல சொன்னா அவங்க நெகட்டிவ் எனர்ஜி தடுக்கும்" என்று அதற்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

செருப்பு வார் உரசி விரலோரம் வந்த சின்னப் புண் ஆறாமல் சீழ் வைத்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி, முன்பு 7.2 இருந்தது, 10.8 ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, இன்சுலினும் ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றி, புண்ணைச் சுத்தம் செய்தார்கள். விரல் தப்பியது. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். அம்மா வார்டில் இருக்கும்போதே அந்த மையத்திலிருந்து மெசேஜ் வருகிறது: முதல் நிலை தீட்சை 5,000, மாஸ்டர் நிலை 45,000, இந்த வாரம் சேர்ந்தால் சலுகை!

இந்தப் படிப்படியான கட்டணத்துக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. ஜப்பானிலிருந்து ரெய்கியை ஹவாய்க்குக் கொண்டுபோன ஹவாயோ டகாடா மாஸ்டர் பயிற்சிக்கு 10,000 டாலர் வாங்கியவர். ஆனால் உசுயி சொல்லிக்கொடுத்த ஐந்து நெறிகள் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, வேலையை ஒழுங்காகச் செய், எல்லோரிடமும் அன்பாக இரு என்பவைதான். மாத்திரையை விடு என்று அதில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போனேன். "நாங்க ஃபீஸே வாங்கறதில்லைங்க, அது அன்பளிப்பு" என்று ரசீதைக் காட்டினார் மையத்தை நடத்தும் அம்மையார். உண்மையிலேயே அன்பளிப்பு என்றுதான் அச்சடித்திருந்தது. சும்மா போட்டதில்லை அது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவசமாகச் செய்த சேவைக்குப் பொருந்தாது. ஃபீஸ் இல்லை என்று நிறுவிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. நல்லவேளை, பேக்கேஜ் விலை எழுதிய வாட்ஸ்அப் மெசேஜும், அதே தொகை போன ஜிபே விவரமும் அம்மா போனில் இருந்தன.

சுவரில் மாட்டியிருக்கும் கிராண்ட் மாஸ்டர் சான்றிதழைப் பார்த்து அசந்துவிடாதீர்கள். மத்திய அரசின் ஆயுஷ் முறைகளில் யோகா, சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாம் இருக்கிறது, ரெய்கி இல்லை. ஒரு மாஸ்டர் இன்னொருவருக்குக் கொடுக்கிற காகிதம் அது, அவ்வளவுதான். சர்க்கரையைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இவர்கள் நோட்டீஸில் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், அதையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். முதல் நாளே, "டாக்டர் மாத்திரை எதையும் நிறுத்த மாட்டோம், சரிதானே?" என்று நேராகக் கேளுங்கள். பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள், மாத்திரை அட்டையை நீங்களே அவ்வப்போது எண்ணிப் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சாட், குரல் பதிவு, ரசீது எதையும் அழிக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் 1915-ல் பதிந்துவிட்டேன். மையத்திலிருந்து இதுவரை பதில் இல்லை, அடுத்தது ஆணையம்தான். இதே மாதிரி அன்பளிப்பு ரசீது உங்களிடமும் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுக்கலாம்.