மாதம் 3,000 ரூபாய்: நோட்டீஸா, வாட்ஸ்அப்பா, இன்ஸ்டாகிராமா?

மதுரை புதூரில் என் தங்கை இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கடை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். வீட்டின் முன்னறை, சாய்த்து ஊற்றும் கிரைண்டர் இரண்டு, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு தராசு, அவ்வளவுதான். விளம்பரத்துக்கு மாதம் 3,000 ரூபாய் ஒதுக்கலாம் என்று முடிவான அன்றே வீட்டில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. அவளுக்கு இன்ஸ்டாகிராம், மாப்பிள்ளைக்கு நோட்டீஸ். கணக்கு எழுதித் தருகிற அண்ணன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

தீர்ப்பைத் தள்ளிவைத்து, வாங்க வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் குறிக்கச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் நடந்தே வந்தார்கள். மற்றவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தியவர்கள். மாவு பிடித்துப்போனால் மூன்றாம் நாள் மறுபடி வருவார்கள். ஆனால் ஒரு கிலோ மாவுக்காக எவரும் ஊரின் இன்னொரு பக்கம் இருக்கும் தெப்பக்குளத்திலிருந்து புதூருக்கு வரப்போவதில்லை. ஆகவே நம் ஆள் பக்கத்துத் தெருவில் இருப்பவர், வாரம் இரண்டு முறை வாங்குபவர். போட்டியில் இருக்கும் எல்லா வழிகளையும் இந்த ஒரு வரியை வைத்தே எடைபோட்டேன்.

பிட் நோட்டீஸ் பழைய காலத்துச் சமாசாரம் என்று தங்கை சிரித்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடியற்காலை நாலரை மணிக்குப் பேப்பர் போடும் பையன்கள் தரையில் சம்மணமிட்டு, ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் ஒரு தாளைச் செருகுவதை மாப்பிள்ளை கூடவே நின்று பார்த்தார். எந்தத் தெருவுக்கு எந்தப் பையன் போகிறான் என்று ஏஜெண்டிடம் கேட்டு, நமக்கு வேண்டிய தெருக்களுக்கு மட்டும் போடச் செய்தார். ஆனால் பேப்பர் வாங்காத வீடுகள் பெருகிவிட்டன. குறிப்பாக, மாவு அதிகம் தேவைப்படுகிற, இருவரும் வேலைக்குப் போகிற இளம் குடும்பங்களில் பேப்பர் போடுவதே அரிது. நோட்டீஸின் மூலையை வெட்டிக்கொண்டு வந்தால் கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு என்று அச்சிட்டிருந்தோம். 2,000 தாள்களில் திரும்பி வந்தவை 41 துண்டுகள். அச்சும் செருகு கூலியும் 2,600 ரூபாய். அதாவது ஒரு புது ஆளைக் கடை வாசலுக்குக் கொண்டுவரச் சுமார் 63 ரூபாய். கிலோவுக்குப் பத்து ரூபாய் நிற்கிறது என்றால், தள்ளுபடியில் வாங்கிய முதல் கிலோ போக, அவர் மேலும் ஏழு முறை வாங்கினால்தான் போட்ட பணம் திரும்பும். வாரம் இருமுறை வருபவரானால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஒருமுறை வந்து போகிறவரானால் நஷ்டம்.

அந்த ஏழு முறையும் வரவைப்பது வாட்ஸ்அப்பின் வேலை. பிசினஸ் செயலி இலவசம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். இதில் பலர் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு: நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். நாம் அவர் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. தங்கை இப்போது மாவை எடைபோடும்போதே, ‘எங்கள் நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள் அக்கா, மாவு தீரப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்கிறோம்’ என்கிறாள். தினமும் காலை வணக்கம் அனுப்பினால் அடுத்த வாரமே தடுத்துவிடுவார்கள். அதனால் நாள்காட்டியைப் பார்த்து அனுப்புகிறாள். அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி என்று இரவில் பலகாரம் சாப்பிடுகிற நாள்களுக்கு முந்தைய மாலை ஒரு வரி. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே முன்பதிவு. தினசரித் தாளைக் கிழிக்கிற நாள்காட்டியில் இவ்வளவு வியாபாரம் இருப்பது எனக்கும் அதுவரை உறைக்கவில்லை.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவதைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. காசில்லாத வேலை என்பதால் அதை முதல் நாளே முடித்துவிட வேண்டும். கடையை வீடியோ எடுத்துக் காட்டச் சொன்னால் காட்டுங்கள், திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள். நல்ல மதிப்புரை எழுதினால் அரைக் கிலோ இலவசம் என்று மட்டும் ஆசை காட்ட வேண்டாம். கூகுள் விதி அதை அனுமதிப்பதில்லை.

ஃபிளெக்ஸ் பேச்சையே எடுக்க விடவில்லை. மாநகராட்சி அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும். 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் உயிரிழந்ததை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

இன்ஸ்டாகிராமில் கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட்டு விளம்பரம் கொடுக்க முடியும்தான். 500 ரூபாய் செலவழித்துப் பார்த்தோம். பொங்கி வழியும் மாவின் வீடியோவுக்கு விருப்பக்குறி குவிந்தது. இன்ஸ்டாகிராமில் பார்த்து வந்தேன் என்று சொன்னவர் ஒரே ஒருவர், அதுவும் எதிர்வீட்டுப் பையன்.

இப்போது ஃபிரிட்ஜ் கதவில் அரைப் பக்கத் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. நோட்டீஸ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பேப்பர் போகாத அடுக்குமாடிகளுக்குக் கையில் கொடுக்க 300 தாள், வாட்ஸ்அப் வாரம் இரண்டு செய்தி, புதிதாக வருகிறவரிடம் ‘எப்படித் தெரிந்து வந்தீர்கள்?’ என்று கேட்டு நோட்டில் ஒரு கோடு. மிச்சப் பணம் உண்டியலில். தாளின் அடியில் தங்கை பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: ‘கல்யாண ஆர்டர் – இன்ஸ்டா?’ நாற்பது கிலோ மாவு வாங்குகிறவர் தெப்பக்குளத்திலிருந்தும் ஆட்டோ அனுப்புவார் என்பது அவள் வாதம். தை மாதத்தில் அதற்கு 500 ரூபாய் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.