சுங்கை சிப்புட் மருந்துக்கடை மாடியில் இருக்கும் லாயர் அம்மா அலுவலகம்

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது போனுக்காக. பத்துத் தடவை அடித்தால் ஒரு தடவைதான் எடுப்பார்கள். கடிதங்களும் மலாயில்தான் வரும், என் மகன் படித்துச் சொல்ல வேண்டும். மற்றபடி, என் தம்பிக்கு இவர்கள் செய்ததை மறக்க மாட்டேன்.

தம்பிக்கு 38 வயது, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. ஆறு வருடமாக மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். போன வருடம் யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிட்டான். அப்புறம் ஒரு நாள் டவுனில் மளிகைக்கடைக் கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டான். அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்தியதாக மலேசியத் தண்டனைச் சட்டம் 427-ஆம் பிரிவில் வழக்கு. ஐந்து வருடம் வரை சிறை உண்டு என்றார்கள்.

முதலில் வேறொரு வக்கீலிடம் போனோம். அவர் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரே நாளில் முடிந்துவிடும்” என்றார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு எத்தனை நாள்தான் அலைவது? நாங்களும் சரி என்றுதான் இருந்தோம்.

லாயர் அம்மா அப்படி விடவில்லை. லோக்கப்பில் அவனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். கோர்ட்டில் மேலே உட்கார்ந்திருப்பவர் யார், ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று மெதுவாகக் கேட்டார். “அவர் கிராணி. பெரட்டில் பேர் கொடுத்துட்டா வேலைக்கு அனுப்பிடுவார்” என்றான் தம்பி. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை முன்னால் காலையில் பேர் கொடுக்க நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தான். மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு நல்ல தமிழில் சொன்னாலும் அவனுக்கு விளங்கியிருக்காது. அந்த நிலையில் அவன் “ஆமாம்” என்று சொல்லியிருந்தால்? நினைத்தாலே இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

எனக்கு அவர் விளக்கியது இது: “கல் எறிந்த நேரத்தில் அவர் மனநிலை எப்படி இருந்தது என்பது ஒரு கேள்வி அக்கா, அது தண்டனைச் சட்டம் 84. இன்றைக்கு கோர்ட்டில் நின்று தன் வழக்கை அவரால் நடத்த முடியுமா என்பது வேறு கேள்வி. அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 342. இதை முதலில் பார்க்காமல் வழக்கு நகரக் கூடாது.” குற்றத்தை ஒத்துக்கொள்பவருக்கு அதன் பொருளும் விளைவும் புரிகிறதா என்று கோர்ட்டே உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறதாம். எங்களுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

மாஜிஸ்திரேட் தம்பியிடம் நான்கைந்து கேள்விதான் கேட்டார். வழக்கைத் தள்ளிவைத்து, ஒரு மாதம் வரை கண்காணிப்பில் வைக்க உத்தரவு போட்டார். எங்கே? தஞ்சோங் ரம்புத்தானில். நான் அங்கேயே அழுதுவிட்டேன். தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்த காலத்தில் அந்த ஊர்ப் பேரே ஒரு வசவு. 1911-இல் திறந்த பஹாகியா மனநல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது, உள்ளே போனவன் திரும்ப மாட்டான் என்றே பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். தலை வாரி, சட்டைப் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு மாதத்தில் முடிவு சொல்ல முடியவில்லை என்று டாக்டர் எழுதி, மேலும் நாள் கேட்டார். அப்படிக் கேட்டால் இரண்டு மாதம் வரை நீட்டிக்கலாம். மருந்து உடம்பில் பிடித்த பிறகு, வழக்கை எதிர்கொள்ள முடியும் என்று சான்று வந்தது. விடுதலையே ஆகிவிட்டது போல நாங்கள் சந்தோஷப்பட்டோம். லாயர் அம்மாதான் நிறுத்தினார். நின்ற இடத்திலிருந்து வழக்கு மறுபடி தொடங்கும், அவ்வளவுதான் என்றார்.

அடுத்த தேதியில் குற்றச்சாட்டை வாசித்தபோது தம்பி, “கடைக் கண்ணாடி உடைச்சதுக்குத்தானே? முதல்ல லாயர்கிட்டப் பேசணும்” என்றான். வழக்கு இன்னும் நடக்கிறது.

கட்டணத்தை மாதம் 300 ரிங்கிட்டாகக் கட்ட விட்டார்கள். கொஞ்சமும் முடியாதவர்களுக்கு தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது என்பதையும் முதல் நாளே அவரே சொன்னார், எங்கள் பணம் போய்விடுமே என்று பார்க்கவில்லை.

போவதானால் போனை நம்பாமல் காலையில் நேரில் போங்கள். படி செங்குத்து, வயதானவர்களைக் கையைப் பிடித்து ஏற்றுங்கள். கிளினிக் அட்டையையும் பழைய மருந்து உறைகளையும் கையோடு கொண்டு போங்கள். எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான்.