ஜோடி மாதிரியா, காலவரிசை மாதிரியா?

ஓம்புயிரும் (ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிர்) ஒட்டுண்ணியும் சேர்ந்து பரிணமிப்பதை மரபணுத் தொகுதியில் தேடுபவர்கள் முதலில் தடுமாறுவது மாதிரி சேகரிப்பில்தான். வழி இரண்டு: ஓம்புயிரையும் அதற்குள் இருக்கும் ஒட்டுண்ணியையும் ஒன்றாக எடுப்பது ஜோடி முறை; வெவ்வேறு காலத்து மாதிரிகளை எடுத்து ஒப்பிடுவது காலவரிசை.

செலவு: ஜோடி முறையில் ஒவ்வொரு நோயாளியின் மரபணுவையும், அவருக்குள் இருக்கும் ஒட்டுண்ணியின் மரபணுவையும் படிக்க வேண்டும். காலவரிசையில் காத்திருப்புதான் பெரிய செலவு.

கிடைப்பது: எந்த மரபணு எதோடு மோதுகிறது என்பதை ஜோடி முறை காட்டும். காம்பியா, கென்யாக் குழந்தைகளிடம் நடந்த மலேரியா ஆய்வில், மலேரியாவிலிருந்து பாதுகாப்புத் தரும் அரிவாள் செல் மரபணு உள்ளவர்களைத் தாக்கிய ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணிகளில் குறிப்பிட்ட சில மாற்றங்கள் மிகுந்திருந்தன. அருமையான கண்டுபிடிப்பு! ஆனால் எது எப்போது மாறியது என்பது அதில் தெரியாது. அதற்குக் காலவரிசைதான். 2007-ல் வெளியான ஆய்வொன்றில், காத்திருக்கத் தேவையின்றி, பெல்ஜியக் குளச் சேற்றில் வெவ்வேறு காலத்தில் படிந்த அடுக்குகளில் உறங்கிய டாஃப்னியா (நீர்த்தெள்ளு) முட்டைகளையும், அதைத் தாக்கும் பாஸ்டூரியா என்ற பாக்டீரியாவின் வித்துகளையும் எழுப்பி மோதவிட்டார்கள்.

சிக்கல்: ஊருக்கு ஊர் இரு தரப்பு மரபணுவும் வேறுபட்டால், ஜோடி முறையில், ஒன்றோடொன்று மோதாத மரபணுக்களுக்கிடையேயும் பொய்த் தொடர்பு முளைக்கும்.

மனித நோய் என்றால் ஜோடி முறை. உறங்குநிலை முட்டையிடும் சிற்றுயிர் என்றால், தயங்காமல் காலவரிசை.