சுவர் வீடா, தூண் வீடா: வெட்டுமுகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

மட்டக்களப்பில் பிளான் கீறுவதுதான் என் தொழில். வீடு கட்டப் போகிறவர்கள் முதலில் காட்டுவது கைத்தொலைபேசியில் இருக்கும் ஒரு முகப்புப் படத்தை. அதைத்தான் நாங்கள் முன் நிலைப்படம் என்போம். அப்புறம் கிடைப்படத்துக்கு, அதாவது மேலிருந்து பார்த்த அறை அமைப்புக்கு, வருவார்கள்; குசினி எந்தப் பக்கம், சாமியறை எந்த மூலை என்று அரை மணித்தியாலம் பேச்சு நடக்கும். வெட்டுமுகத்தை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டை முகட்டிலிருந்து அத்திவாரம் வரை வாளால் அறுத்துப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிவதுதான் வெட்டுமுகம். கூரைப் பாரம் எதன் வழியாக மண்ணுக்கு இறங்குகிறது என்பதை அந்த ஒரு படம்தான் சொல்லும்.

அண்மையில் ஆரையம்பதிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். பன்னிரண்டு பேர்ச் காணி, இரண்டு பெண் பிள்ளைகள். "தம்பி, கீழ் வீடு மூத்தவளுக்கு, மேல் வீடு இளையவளுக்கு. இப்ப கீழ கட்டத்தான் காசு இருக்கு" என்றார். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். தமிழரிலும் அப்படித்தான், முஸ்லிம்களிலும் அப்படித்தான். ஆகவே மேல் வீட்டுக் கதை எனக்குப் புதிதில்லை. மேசன் சுவர் வீடு போதும் என்றாராம், மச்சான்காரர் தூண் வீடுதான் வேண்டும் என்றாராம். இருவர் சொன்னதிலும் பிழையில்லை. அவர்கள் மனதில் இருந்த வீடுகள்தான் வேறு.

சுவர் வீட்டில் பாரம் தாங்குவது சுவர். கூரை வளைமரத்தில் இருக்கும், வளை சுவரில் இருக்கும், சுவர் கருங்கல் அத்திவாரத்தில் இருக்கும். நிலத்தை நீளத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி, அடியில் மூன்று அங்குலம் கொங்கிறீட் போட்டு, அதன்மேல் கருங்கல்லைச் சாந்தில் அடுக்கி வருவார்கள். பாரம் தாங்கும் சுவர் செங்கல்லென்றால் ஒன்பது அங்குலம், புளொக் கல்லென்றால் ஆறு அங்குலம். அறை பிரிக்கும் சுவர் அதைவிட மெல்லியதாக இருக்கலாம். இந்தக் கணக்குப் பிளானிலேயே இருக்கிறது: சுவரைக் காட்டும் இரண்டு கோடுகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் அது பாரச் சுவர். பின்னாளில் "இந்தச் சுவரை உடைத்து ஹோலைப் பெரிதாக்குவோம்" என்று யாராவது சொன்னால் முதலில் அந்தக் கோடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

தூண் வீட்டின் கிடைப்படத்தில் சுவர் மூலைகளில் கறுப்பாக நிரப்பிய சதுரங்கள் இருக்கும். அவைதான் தூண்கள். ஒவ்வொன்றின் கீழும் கொங்கிறீட்டில் ஓர் அகன்ற அடித்தட்டு. மேசன்மார் புட்டிங் என்பார்கள். நிலமட்டத்தில் தூண்களை ஒன்றோடொன்று பிணைப்பது டை பீம். மேலே கூரைப் பாரத்தை அல்லது தட்டை, அதாவது மேல் மாடியின் கொங்கிறீட் தளத்தை, தாங்கி ஒரு பீம். சுவர் நடுவில் திரைச்சீலை மாதிரித்தான், நாலு அங்குலப் புளொக் கல்லே போதும்.

செலவு? சுவர் வீட்டில் கம்பியும் கொங்கிறீட் ஊற்றப் பலகையடிப்பும் மிச்சம். ஒன்பதுக்கு ஒன்பது அங்குலத் தூணில் 12 மில்லிமீற்றர் கம்பி நாலு போட்டால், பத்து அடி உயரத்துக்கு நீளக் கம்பி மட்டும் 11 கிலோ அளவில் வரும். பதினாறு தூணென்றால் 175 கிலோ. நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி, அடித்தட்டு, பீம் எல்லாம் இதற்கு வெளியே. ஒரே மாடி, ஓட்டுக் கூரை, மூன்று அறை என்றால் இந்தக் காசை வீட்டின் நிலமட்டத்தை உயர்த்தவும் நல்ல மரத்துக்கும் போடுங்கள் என்பேன். 2011 தை வெள்ளம் வீட்டுக்குள் வந்தவர்களுக்கு நிலம் இன்னும் ஒரு அடி உயர்ந்திருந்தால் என்ன என்பது தெரியும்.

மண் இன்னொரு விஷயம். கல்லடி, நாவலடி பக்கம் மணல். மணலில் கட்டினால் வீடு புதைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். இறுகிய மணல் ஒரு மாடி வீட்டை நன்றாகவே தாங்கும். அங்கே தொல்லை தண்ணீர்தான். மார்கழியில் வெட்டினால் மூன்று அடியில் ஊற்றெடுத்துக் குழியின் பக்கம் சரியும். கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் கோடைக் காலத்தில் வெட்டுவது மேல். உண்மையில் பயப்பட வேண்டியது வயலை நிரப்பி வீட்டுக் காணியாக விற்கும் இடங்களுக்கு. மேலே இரண்டு அடி கிரவல், கீழே களி. மாரியில் களி ஊதும், கோடையில் சுருங்கும். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பைப் பார்த்தால் நான் காணியின் பழைய கதையைக் கேட்பேன். அப்படிப்பட்ட இடத்தில் நிரப்பு மண்ணைத் தாண்டி உறுதியான மண்வரை அடித்தட்டை இறக்கி, டை பீமால் பிணைத்த தூண் வீடுதான் நிம்மதி.

காற்றுக்கு எது நல்லது என்று கேட்பவர்கள் 1978 சூறாவளியைக் கண்டவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். காற்று முதலில் கூரையைத்தான் மேலே இழுக்கும். தூண் வீட்டில் மேலே பீம் சுற்றி ஓடுவதால் வளையைப் பிணைக்க ஒரு பிடி தானாகவே கிடைக்கிறது. சுவர் வீட்டில் அதைக் கேட்டு வாங்க வேண்டும்: யன்னல் தலைக்கு மேலே வரும் லின்டலைத் துண்டு துண்டாகப் போடாமல் வீட்டைச் சுற்றி ஒரே பட்டியாக ஓட்டுங்கள், சுவர் முடியும் இடத்திலும் ஒரு மெல்லிய பீம் போட்டு அதிலிருந்து கம்பி எடுத்து வளையைக் கட்டுங்கள். இவ்வளவும் செய்த சுவர் வீடு காற்றில் தூண் வீட்டுக்கு அவ்வளவு இளைத்ததில்லை.

நான் ஒத்துக்கொள்ளாதது மூன்றாவது வகையை. சுவர் வீடாகக் கட்டி, மூலைக்கு மூலை நாலு கம்பியை நட்டுக் கொங்கிறீட் ஊற்றி, 'தூண் வைத்திருக்கிறோம்' என்பது. அடித்தட்டு இல்லை, டை பீமும் இல்லை. கருங்கல்லின் மேல் நிற்கும் அந்தத் தூணை நம்பி மேல் வீடு ஏற்றுவது பெரிய ஆபத்து. கிடைப்படத்தில் கறுப்புச் சதுரம் இருந்துவிடும், முகப்பும் அழகாக இருக்கும். வெட்டுமுகம் மட்டும் காட்டிக் கொடுக்கும்.

தூண் வீட்டுக்கும் இங்கே ஒரு சாபம் உண்டு. கடற்கரை வீதியில் போனால் தட்டுக்கு மேலே முளைத்து நிற்கும் கம்பிகளைக் காணலாம். இளையவள் வளரும்வரை விட்டு வைத்த கம்பி. ஒரு வீட்டில் ஏறிப் பார்த்தேன். கம்பியின் தலையில் பிளாஸ்ரிக் போத்தல் கவிழ்த்திருந்தது, காகம் குத்தாமல் இருக்கவா என்று தெரியவில்லை. நகத்தால் சுரண்டினேன், துரு வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கழன்றது. தட்டோடு சேரும் அடியில்தான் மோசம், அங்கே மழைத் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. பன்னிரண்டு மில்லிமீற்றர் கம்பி விரலுக்கு ஈர்க்குக் கட்டு மாதிரிப் பட்டது. அந்தக் கம்பியோடு புதுக் கம்பியை இணைத்து என்ன பயன்? விட்டே ஆக வேண்டுமென்றால், இரண்டு அடி நீளத்துக்கு விட்டு, பலமில்லாத கொங்கிறீட்டால் சுற்றி மூடி வையுங்கள். பிறகு தட்டி உடைத்து எடுக்கலாம். தூணுக்குள் இருக்கும் கம்பிக்கும் வெளியே குறைந்தது ஒரு அங்குலம் கொங்கிறீட் மூடியிருக்க வேண்டும்; கடலோரத்தில் அதைவிடக் கூட. கடல் மண்ணையும் உவர்க் கிணற்றுத் தண்ணீரையும் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம்.

எந்த வீடானாலும் ஒன்று: பிளானை அடிமட்டத்தால் அளந்து கட்டாதீர்கள். முந்தைய படங்கள் ஒரு அங்குலத்துக்கு எட்டு அடி என்ற கணக்கில் கீறப்பட்டவை, அதாவது ஒன்றுக்கு 96. இப்போது ஒன்றுக்கு 100. பழகிய பழைய கணக்கில் புதிய படத்தை அளந்தால் பத்து அடி அறை 9 அடி 7 அங்குலமாகிவிடும். ஐந்து அங்குலம் போனால் அலுமாரி போகும். எழுதியிருக்கும் இலக்கத்தை மட்டும் வாசியுங்கள்.

ஆரையம்பதிக்காரருக்கு இரண்டு வெட்டுமுகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மேல் வீடு உறுதி என்பதால் தூண் வீடு, அடித்தட்டு இரண்டு மாடிக்குப் போதுமான அளவு. அதன் கம்பிக் கணக்கை ஒரு பொறியியலாளரிடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். காசு முட்டுப்பட்டதால் முன் விறாந்தையின் வளைவுத் தூண்கள் இரண்டும் முகப்பிலிருந்து போயின. அதற்குத்தான் அவர் கொஞ்சம் முகம் சுளித்தார்.