ஹைட்டியா, ஜாவாவா? சென்ட் கலக்க எந்த வெட்டிவேர் எண்ணெய்

சென்ட் கலப்பவர்கள் வெட்டிவேர் எண்ணெய் வாங்கப் போனால் பெரும்பாலும் இரண்டு ஊர்ப் பெயர்கள்தான் முன்னால் வரும்: கரீபியன் நாடான ஹைட்டி, இந்தோனேசியத் தீவான ஜாவா. செடி ஒன்றுதான், மண்ணும் வேரைக் காய்ச்சி வடிக்கும் விதமும் வேறு. இரண்டுமே கெட்டியாக இருக்கும், மெதுவாக ஆவியாகும், கூட இருக்கும் வாசனைகளையும் பிடித்து நிறுத்தும். அதில் சண்டை இல்லை. நான் வாங்கி வைத்திருப்பது ஹைட்டி.

கடைசியில் தோலில் எது மிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் அப்படி முடிவெடுத்தேன். கலவையில் சேர்த்த எலுமிச்சை, பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழம் எல்லாம் சீக்கிரமே பறந்துவிடும். அப்புறம் மணிக்கணக்கில் கூடவே இருப்பது வெட்டிவேர். ஹைட்டி எண்ணெயில் காய்ந்த மரவாசமும், கிரேப்ஃப்ரூட் தோலைக் கிள்ளினால் வருவது போன்ற லேசான கசப்பும் உண்டு. அதனால் எலுமிச்சை போனதே தெரியாது. அது விட்ட இடத்தில் வெட்டிவேர் பிடித்துக்கொள்ளும். ஜாவாவில் புகையும் மண்ணும் தூக்கல். அதே அளவு விட்டால், முதலில் எழும் மேல்வாசனை அடங்கியதும் தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்புதான் மிஞ்சும்.

பாட்டிலைத் திறந்து அப்படியே முகர்ந்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. ஆல்கஹாலில் 10 சதவீதமாகக் கரைத்து, காகிதப் பட்டையில் தொட்டு வைத்து, மறுநாள் முகர வேண்டும். ஜாவா பட்டையில் புகை அப்படியே உட்கார்ந்திருக்கும். ஹைட்டி பட்டையில் மரமும் மெல்லிய இனிப்பும்.

ஜாவாவை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. புகையிலை, பதனிட்ட தோல் மாதிரியான கனத்த கலவைகளுக்கு அதுதான் சரி. காய்ச்சும்போது அழுத்தமும் சூடும் எகிறினால்தான் அதில் தீய்ந்த வாடை ஏறுகிறது. நிதானமாக வடித்த ஜாவா கையில் கிடைத்தால் என் வாதம் கொஞ்சம் பலவீனப்படும்.

புகையே வேண்டாம் என்பவர்களுக்கு வெட்டிவெரில் அசிட்டேட் இருக்கிறது. வெட்டிவேர் எண்ணெயிலிருந்தே செய்வதுதான். சுத்தம், மென்மை எல்லாம் சரி, ஆனால் தனியாகப் போட்டால் வேர் காணாமல் போய்விடுகிறது. ஹைட்டியோடு கொஞ்சம் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

வட இந்தியாவில் காட்டு வேரைச் செம்புப் பாத்திரத்தில் வடிக்கும் ரூ கஸ் என்ற வெட்டிவேர் எண்ணெய் தனி ரகம், நிறமே பச்சை. நான் அதை முகர்ந்திருக்கிறேனே தவிர, கலவையில் போட்டுப் பழகவில்லை. அதனால் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.