நல்ல எஞ்சினைச் "செத்துப்போச்சு" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள்: நாட்டுப்படகுக்காரர்கள் கவனத்துக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி பக்கம் நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். எஞ்சின் புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது என்று பட்டறைக்குக் கொண்டு போனால், "இது தேறாது, மாத்திருங்க" என்று சொல்கிறார்கள். நம் எஞ்சினைக் காயலாங்கடை விலைக்கு எடுத்துக்கொண்டு, பெயின்ட் அடித்த தேய்ந்த எஞ்சின் ஒன்றைத் தலையில் கட்டி அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் பட்டறையின் பெயரையோ ஊரையோ இங்கே எழுதவில்லை. நடந்த விதத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

அண்ணன் ஓட்டுவது பைபர் வள்ளம். வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், நண்டு வலை. ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், காற்றிலேயே ஆறும் வகை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில்தான் எங்களைப் போன்றவர்கள் நாலு காசு பார்ப்பது. விசைப்படகு இழுத்து வரும் மடி நம் வலையை அறுத்துவிடும் என்ற பயம் இல்லை, கரைக்கு வரும் சரக்குக்கும் விலை உண்டு. சரியாக அந்த நேரத்தில் எஞ்சின் மக்கர் பண்ணியது. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் இறுக்கமே இல்லாமல் லேசாகச் சுற்றியது. ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை. கடலுக்குப் போய்விட்டு வந்தால் ஆயில் குச்சியில் அளவு இறங்கியிருக்கும்.

பட்டறைக்காரர் ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டருக்குள் டார்ச் அடித்து, "தம்பி, நகத்த வச்சுத் தடவிப் பாரு. கோடு விழுந்திருக்கு பாத்தியா? சிலிண்டர் போச்சு. கிராங்க்கும் போயிருக்கும். கட்டுனா முப்பதாயிரம் ஆகும், கட்டுனாலும் நிக்காது" என்றார். கட்டுவது என்றால் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து மறுபடி பூட்டுவது.

"போர் பண்ணிப் பாக்கலாமாண்ணே?" என்று அண்ணன் கேட்டார். சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வதைத்தான் போர் என்பார்கள்.

"சாமான் வரவே பதினஞ்சு நாளாகும். விசைப்படகு எறங்குனப்புறம் நீ போயி என்னத்தப் பிடிப்ப?"

அந்தச் சிலிண்டருக்குள் ஒரு அளவுக் கருவிகூட இறங்கவில்லை. கிராங்க் என்ற சுழலும் தண்டு இருக்கும் அடிப்பக்கம் திறக்கப்படவே இல்லை. கண்ணால் பார்க்காத கிராங்க் போய்விட்டது என்று ஒரு மனிதர் சொல்கிறார், எங்களுக்கு நாள் போகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த அவசரத்தை வைத்துத்தான் முழு வேலையும் நடந்தது.

ரீகண்டிஷன் எஞ்சின், அதாவது பழையதைச் சரிசெய்து விற்பது, ஒன்று 42,000 ரூபாய் என்றார். எங்கள் எஞ்சினுக்கு 6,000 கழித்தார். பாக்கி 36,000 நண்டு வியாபாரியிடம் அட்வான்ஸாக வாங்கியது. அட்வான்ஸ் வாங்கினால் என்ன ஆகும் என்று கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடன் தீரும்வரை அவர் சொல்லும் விலைக்குத்தான் நண்டு போட வேண்டும். அதனால் நஷ்டம் 36,000 ரூபாயோடு நிற்கவில்லை, ஒவ்வொரு கிலோ நண்டிலும் போய்க்கொண்டே இருக்கிறது.

வந்த எஞ்சின் பார்க்கப் பளபளப்பாக இருந்தது. கொஞ்ச நாள் ஓடவும் செய்தது. பிறகு உள்ளே சேரும் காற்று வெளியேறும் பிரீதர் துளை வழியாக ஆயிலைக் கக்கத் தொடங்கியது, அடியில் தட்டும் சத்தம் வந்தது. பட்டறையில் கேட்டால், "புது ரிங்கு, செட்டாகட்டும்" என்ற பதில். ஒருநாள் கடலில் வலை வளைத்துக்கொண்டிருக்கும்போது சீஸ் ஆகி, அதாவது இறுகிப்போய், நின்றுவிட்டது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. எஞ்சின் இல்லாத வள்ளத்தைக் கச்சான் வடகிழக்கே தள்ளும், அந்தப் பக்கம்தான் இலங்கை எல்லைக்கோடு. நங்கூரம் பிடித்ததால் தப்பித்தார்கள். பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று பார்த்துவிட்டு வந்து கட்டி இழுத்து வந்தது. நங்கூரம் இழுபட்டிருந்தால் என் அண்ணனும் கூடப் போன இரண்டு பேரும் எந்தச் சிறையில் இருந்திருப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஒரு எஞ்சினை ஏமாற்றி விற்பதில் இதுவும் அடங்கியிருக்கிறது என்பதை அந்தப் பட்டறைக்காரர் உணர வேண்டும்.

இந்தத் தடவை எஞ்சினை ராமநாதபுரத்தில் வயதான லேத்துக்காரர் ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் சொன்னதுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி.

முதலில் அவர் எதையும் கழற்றவில்லை. துணியில் டீசல் நனைத்து, எஞ்சினை வெளியே துடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஹெட் நட்டைக் காட்டினார். நட்டு, வாஷர், அடியில் இருக்கும் வார்ப்பு மூன்றின் மேலும் பெயின்ட் ஒரே பூச்சாக ஓடியிருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் அந்த மூலைகளில் பெயின்ட் உரிந்திருக்கும். "எஞ்சினக் கட்டி முடிச்சுப் பெயின்ட் அடிச்சதா இருந்தா, காஸ்கெட்டு ஓரமாவது புதுசா இருக்கணுமே தம்பி. இது கறுத்துப்போயிக் கெடக்கு. இதத் தொறக்கவே இல்ல, மேல பெயின்ட் மட்டும் அடிச்சிருக்கான்" என்றார். குளிர்விக்கும் தகடுகளுக்கு இடையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சுரண்டினார். பெயின்டோடு சேர்ந்து உப்பும் பழைய ஆயில் அழுக்கும் பொருக்காக விழுந்தன. நம்பர் பிளேட்டில் ஒரு பக்கம் துருப்பிடித்த ரிவிட், மறுபக்கம் மினுங்கும் புது ரிவிட்.

பிறகு திறந்தார். பிஸ்டன் தலையில் இருந்த கரியைச் சுரண்டினார், 1.00 என்று குத்தியிருந்தது. சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். இது மாடலைப் பொறுத்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் படிகளில் போகும். பிஸ்டன் எந்த அளவு என்பது அதன் தலையிலேயே குத்தப்பட்டிருக்கும். எங்கள் மாடலுக்கு 1.00தான் கடைசிப் படி. சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டு மேலே, நடுவில், கீழே என்று இரண்டு திசையிலும் அளந்தார். அந்தக் கடைசி அளவையும் தாண்டிச் சிலிண்டர் தேய்ந்திருந்தது, மேல்பக்கம் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. கிராங்க்கை மைக்ரோமீட்டரில் பிடித்தார். அதுவும் ஏற்கெனவே கடைந்தது, இனி கடைய இடமில்லை.

அதாவது தேறாத எஞ்சின் இவர்கள் எங்களுக்கு விற்றதுதான்.

எங்களுடையது என்ன ஆனது என்பது தற்செயலாகத் தெரிந்தது. அதன் கால் ஒன்றில் முன்பு விரிசல் விட்டு, எங்கள் ஊர் வெல்டர் பற்றவைத்துக் கொடுத்திருந்தார். அந்தப் பற்று ஒரு பக்கம் மேடு தட்டியிருக்கும், நாங்கள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவோம். வேறொரு கரையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போன அண்ணன், கரையேற்றி வைத்திருந்த வள்ளத்தில் அதைப் பார்த்தார். நம்பரை எங்கள் பழைய பில்லோடு ஒத்துப் பார்த்தோம், அதேதான். அந்த வள்ளக்காரர் மேல் எந்தக் குறையும் இல்லை. அவரும் அதே பட்டறையில் ரீகண்டிஷன் என்று பணம் கொடுத்து வாங்கியவர். என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு வைத்திருந்தார்: 0.50 போர், பிஸ்டன் ரிங் செட், வால்வு கிரைண்டிங். கிராங்க்கில் கை வைக்கவே இல்லையாம். எங்களிடம் பதினைந்து நாளாகும் என்று சொன்ன அதே சாமான்கள்தான். "நல்லா ஓடுது தம்பி, ஆயிலே எறங்கல" என்றார் அவர். அண்ணன் அன்று சாப்பிடாமலே திரும்பி வந்துவிட்டார்.

இனி, மாற்றுவதா கட்டுவதா என்பதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று லேத்துக்காரர் சொன்னதையும் நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று மட்டும்தான் அர்த்தம். சிலிண்டர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. நம் பக்கத்து எஞ்சின்களில் உப்புக்காற்றும் ஆயில் அழுக்கும் தகடுகளை அடைத்துவிடும். சூடு வெளியேறாமல் கரி பிடித்து, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போதும் நீலப் புகைதான், அப்போதும் கம்ப்ரஷன் குறையும். சில நேரம் ரிங்கைக் கழற்றிப் பள்ளத்தைச் சுத்தம் செய்து புது ரிங் போட்டாலே சரியாகிவிடும். கம்ப்ரஷன் இல்லை, ஆனால் ஆயிலும் குறையவில்லை என்றால் வால்வு உட்காரும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புப் புகைக்குக் காரணம் டீசலைப் பீய்ச்சும் நாசில், ஏர் பில்டர், இல்லை என்றால் பாரம். படகைத் தள்ளும் காத்தாடியில் கயிறு சுற்றியிருந்தாலும், படகின் அடியில் சிப்பி ஏறியிருந்தாலும் எஞ்சின் கறுப்பாகத்தான் தள்ளும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து குபுகுபுவென்று புகை அடித்தால் ரிங்கோ சிலிண்டரோ கசிகிறது. ஆயிலை வடித்துப் பார்க்கும்போது அது பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, வெள்ளித்தூள் மினுங்கினால் பேரிங் உரசுகிறது.

இதற்கு மேல் எல்லாம் அளவுதான். நகத்தால் தடவி யாரும் சிலிண்டரின் தேய்மானத்தைச் சொல்ல முடியாது. தேய்மானம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் நடக்கும் விஷயம், அதைக் கேஜ்தான் சொல்லும். உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள், அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். பட்டறையில் கேஜ் இல்லை என்றால் சிலிண்டரையும் பிஸ்டனையும் கிராங்க்கையும் நீங்களே சாக்கில் போட்டு லேத்துக்கு எடுத்துப் போங்கள். எங்களுடையது போன்ற எஞ்சின்களில் சிலிண்டர் தனியாகக் கழன்று வரும், தூக்க முடியாத பாரமும் இல்லை.

சிலிண்டருக்கு இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது, கிராங்க் அளவில் இருக்கிறது, வெளிக்கூட்டில் விரிசல் இல்லை என்றால் கட்டுவதே சரி. கடைசிப் படியும் முடிந்து கிராங்க்கும் போயிருந்தால், அல்லது கிராங்க் கேஸ் உடைந்திருந்தால், மாற்ற வேண்டியதுதான். நடுவில் இருப்பவற்றுக்கு நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு, ரிப்பேர் செலவு புது எஞ்சின் விலையில் பாதியைத் தாண்டினால் கட்ட வேண்டாம் என்பது. ரீகண்டிஷன் எஞ்சினைப் பற்றி என் கருத்து வெளிப்படையானது: உள்ளே என்ன அளவு பிஸ்டன், என்ன அளவு பேரிங் என்று பில்லில் எழுதித் தராத எஞ்சினை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். கடலில் நடுவழியில் நின்றால் உயிர் நம்முடையது.

பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டோம். "கடல் சாமானுக்கு கேரண்டி கெடையாது" என்றார். "படகு வச்சு யாவாரம் பண்ற ஆளுக்குக் கன்ஸ்யூமர் கோர்ட்டு செல்லாது, தெரியும்ல?" என்றும் சொன்னார். இந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்து திரும்பியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார நோக்கத்துக்கு வாங்குபவர்களை விலக்குகிறது, உண்மை. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் அந்த விலக்கில் வராது என்று அதே சட்டம் விளக்கம் கொடுத்திருக்கிறது. சொந்த வள்ளத்தில் தானே கடலுக்குப் போகிறவர் இதைச் சொல்லித் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். வாங்கிய கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எங்களிடம் இருக்கும் ஆதாரங்கள்: பட்டறைக்காரர் கையெழுத்திட்ட துண்டுச் சீட்டு, லேத்தில் எழுதித் தந்த அளவுகள், பழைய எஞ்சினின் அசல் பில், அதே நம்பரோடு இப்போது வேறொருவர் வள்ளத்தில் இருக்கும் எஞ்சினின் போட்டோ. சீட்டில் "ரீகண்டிஷன் எஞ்சின் 1" என்று மட்டும்தான் இருக்கிறது, நம்பரும் இல்லை, ஜி.எஸ்.டி.யும் இல்லை. எஞ்சின் நம்பர் ஏறாத சீட்டைக் கொடுத்து உங்களை அனுப்பப் பார்த்தால், எஞ்சினை வள்ளத்தில் ஏற்றுவதற்கு முன்பே நின்று எழுதி வாங்கிவிடுங்கள்.

லேத்துக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். புது சிலிண்டர், பிஸ்டன், கிராங்க், பேரிங் எல்லாம் சேர்த்தால் புது எஞ்சின் விலையில் பாதியைத் தாண்டுகிறது. அதனால் இதைக் கட்டப் போவதில்லை. புகார் முடியும்வரை பிரித்தபடியே சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். அண்ணன் இப்போது வேறொருவர் வள்ளத்தில் பங்குக்குப் போகிறார்.

இதே மாதிரி எஞ்சினைக் கொடுத்து ஏமாந்தவர்கள் இந்தக் கரையில் இன்னும் இருப்பார்கள் என்று எங்களுக்கு உறுதியாகத் தெரிகிறது. ஒரே குறை உள்ள பலர் சார்பில், ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகவும் கொடுக்க முடியும். சீட்டு வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துப் போட்டுவிடாமல் தனிச் செய்தியில் எனக்கு எழுதுங்கள். இப்போது எஞ்சினைப் பட்டறையில் விட்டிருப்பவர்கள் இன்றைக்கே போய் நம்பரைப் போட்டோ எடுத்துவிட்டு வாருங்கள்.