முதல் டெர்மோஸ்கோப்: சாதாரண ஒளியா, போலரைஸ்டா?

டெர்மோஸ்கோப், அதாவது தோலைப் பெரிதாக்கிப் பார்க்கும் கைக்கருவி வாங்கும்போது, தோல் மருத்துவப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தயங்கி நிற்கும் இடம் இது. இரண்டுமே பொதுவாக 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வித்தியாசம் ஒளியில்தான்: போலரைஸ்டு என்பது தோலின் மேற்பரப்புப் பளபளப்பை வடிகட்டிவிடும் ஒளி.

பயன்படுத்துவது
சாதாரண ஒளி: கண்ணாடி தோலைத் தொட வேண்டும், நடுவில் ஜெல்லோ ஆல்கஹாலோ தேவை. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் துடைக்க வேண்டும்.
போலரைஸ்டு: தொடாமலே பார்க்கலாம். சிரங்கு நோயாளிகள் வரிசையாக நிற்கும்போது இது எவ்வளவு நிம்மதி!

தெரிவது
சாதாரண ஒளி: மேற்பரப்பு. செபோரிக் கெரட்டோசிஸின் (புற்றுநோய் அல்லாத ஒரு தோல் வளர்ச்சி) மிலியா (சிறு வெண் நீர்க்கட்டி) போன்ற வெண்புள்ளிகள் இதில்தான் பளிச்சென்று தெரியும்.
போலரைஸ்டு: சற்று ஆழமான அமைப்புகள், பளபளக்கும் வெண்கோடுகள், முக்கியமாக ரத்தக்குழாய்கள். சாதாரண ஒளி வகையில் கண்ணாடியைத் தோலில் அழுத்தினால் குழாய்கள் வெளிறி மறைந்துவிடும். சொரியாசிஸின் புள்ளிக் குழாய்களைப் பலர் தவறவிடுவது இப்படித்தான்.

அழற்சி நோய்களும் சிரங்கும் அதிகம் பார்ப்பவர் போலரைஸ்டு வாங்கலாம். மச்சம், கட்டி பக்கம் ஆர்வம் இருந்தால், சரி, கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து இரண்டு ஒளியும் உள்ள கலப்பு வகையை வாங்குங்கள். ஒரே புண்ணை ஒளி மாற்றி மாற்றிப் பார்க்கும்போது கண் பழகும் வேகமே வேறு.